வேதக்காரருக்கு எருசலேம் என்றால் என்ன?

யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்களிடம் சைவ நண்பர்கள் எப்போதாவது கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “எங்களுக்குக் காசி மாதிரித்தானே உங்களுக்கு எருசலேம்? சாகிறதுக்குள்ள ஒருக்காப் போகவேணும் எண்டு சட்டம் ஏதும் இருக்கோ?” யாரோ ஒரு சுவாமியார் (கத்தோலிக்கக் குரு) தலைமையில் புனித நாட்டு யாத்திரை புறப்படுகிறது என்ற நோட்டீஸைக் கத்தோலிக்கக் கோயில் வாசலில் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். வேதக்காரர் என்று இங்கே அழைக்கப்படும் கிறிஸ்தவர் பலருக்கே இதற்குச் சட்டென்று பதில் சொல்ல வராது.

சட்டம் ஏதும் இல்லை. காசியில் இறக்க முத்தி என்பார்கள். எருசலேமில் இறந்தால் மோட்சம் என்று எந்தக் கிறிஸ்தவ சபையும் போதிப்பதில்லை. வசதியும் உடல்நலமும் உள்ள முஸ்லிம் ஒருவருக்கு ஹஜ் கடமை. கிறிஸ்தவருக்கு அப்படிக் கட்டாயமான யாத்திரை எந்த ஊருக்கும் கிடையாது. ஆனாலும் அந்த நகரத்தை எடுத்துவிட்டால் கிறிஸ்தவ வழிபாட்டில் மிஞ்சுவது கொஞ்சம்தான். போகத் தேவையில்லாத ஓர் ஊர் எப்படி இவ்வளவு முக்கியமாயிற்று என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இயேசுவுக்கு முன்பே எருசலேம் புனித நகரம். ஏறத்தாழ கி.மு. 1000இல் தாவீது அரசர் அதைப் பிடித்துத் தலைநகராக்கினார். அவர் மகன் சாலமோன் அங்கே ஆலயம் கட்டினார். கி.மு. 586ஐ ஒட்டிப் பாபிலோனியர் அதை எரித்து, மக்களைச் சிறைப்பிடித்துக் கொண்டுபோனார்கள். பிறகு திரும்பி வந்தவர்கள் இரண்டாம் ஆலயத்தைக் கட்ட, ஏரோது மன்னன் அதைப் பெரிதாக்கினான். இயேசு பன்னிரண்டு வயதில் பெற்றோரோடு திருவிழாவுக்கு வந்து, அவர்கள் ஊர் திரும்பும்போது பின்தங்கி நின்றது இந்த ஆலயத்தில்தான். கி.பி. 70இல் உரோமர் அதையும் இடித்துவிட்டார்கள். யூதர்கள் இன்று நின்று வேண்டுகிற மேற்குச் சுவர், அந்த ஆலய வளாகத்தைத் தாங்கிய மதிலின் ஒரு பகுதி.

கிறிஸ்தவருக்கு இந்த வரலாறு முழுவதும் முன்கதை. அவர்களுடைய எருசலேம் ஒரு வாரத்தில் அடங்கிவிடுகிறது.

ஏறத்தாழ கி.பி. 30இல், யூதரின் பாஸ்கா திருவிழாவுக்கு இயேசு கழுதையில் ஏறி ஒலிவ மலையிலிருந்து இறங்கி வருகிறார். மலைக்கும் நகருக்கும் நடுவே கெதரோன் பள்ளத்தாக்கு. வியாழன் இரவு ஒரு மேல்மாடி அறையில் சீடரோடு கடைசி உணவு. அப்புறம் மலையடிவாரத்தில் கெத்சமனித் தோட்டம். அங்கே பிடிபடுகிறார். வெள்ளிக்கிழமை பிலாத்துவின் தீர்ப்பு, மதிலுக்கு வெளியே கொல்கொதாவில் சிலுவை, பக்கத்திலேயே கல்லறை. ஞாயிறு காலை கல்லறை திறந்து கிடக்கிறது. நாற்பதாம் நாள் ஒலிவ மலையிலிருந்து விண்ணேற்றம், ஐம்பதாம் நாள் தூய ஆவி சீடர்மேல் இறங்கிய பெந்தெகொஸ்தே. திருச்சபை பிறந்ததும் இந்த நகரத்தில்தான். இவையெல்லாம் ஒன்றுக்கொன்று நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. மதிலுக்குள் இருக்கும் பழைய நகரம் முழுவதும் ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர். படத்தில் பெரிதாகக் கற்பனை பண்ணிவிட்டுப் போகிறவர்கள் முதலில் வியப்பது இந்தச் சின்ன அளவைப் பார்த்துத்தான்.

இந்த நம்பிக்கையில் கடவுள் ஒரு தேதியில், ஓர் ஆளுநரின் காலத்தில், ஒரு தெருவழியே நடந்தார். விசுவாசப் பிரமாணத்தில் “போஞ்சு பிலாத்துவின் காலத்தில்” என்று ஓர் உரோம அதிகாரியின் பெயரை ஞாயிறுதோறும் சொல்வது இதனால்தான். இது எந்தக் காலத்திலோ எங்கேயோ நடந்த கதையாக இருந்திருந்தால் எருசலேமுக்குத் தனி மதிப்பு ஏதும் இருந்திராது.

வெறுங்கல்லறை

பழைய நகரத்தின் நெருக்கமான கடைத்தெருக்களுக்குள் மறைந்தாற்போல நிற்கிறது திருக்கல்லறைப் பேராலயம். கிறிஸ்தவருக்கு இதைவிடப் பெரிய தலம் இல்லை. இன்று மதிலுக்குள் இருப்பதால் “வெளியே என்றுதானே வேதம் சொல்கிறது?” என்று சிலர் சந்தேகப்படுவார்கள். இயேசுவின் காலத்தில் அந்த இடம் வெளியேதான் இருந்தது. பத்துப் பதினைந்து வருடம் கழித்து ஏரோது அகிரிப்பா கட்டத் தொடங்கிய புதுமதில் அதை உள்ளே இழுத்துக்கொண்டது. பேராலயத்துக்குள்ளேயே வேறு பழைய யூதக் கல்லறைகளும் இருப்பதால், அது ஒருகாலத்தில் ஊருக்குப் புறம்பான இடுகாடு என்பதும் தெரிகிறது.

உரோமப் பேரரசன் ஹட்ரியன் அந்த இடத்தை மூடிக் கோயில் ஒன்று எழுப்பியிருந்தான். 4ஆம் நூற்றாண்டில் கொன்ஸ்தந்தீன் அதை அகற்றிப் பேராலயம் கட்டுவித்தான். 335இல் அது அர்ச்சிக்கப்பட்டது. 1009இல் எகிப்தின் கலீபா அல்ஹாக்கிம் இடித்துவிட, மறுபடி கட்டினார்கள். இன்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி 12ஆம் நூற்றாண்டில் சிலுவைப்போர்க்காரர் கட்டியது. அவர்கள் 1099இல் நகரத்தைப் பிடித்தபோது முஸ்லிம்களையும் யூதர்களையும் கொன்று குவித்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். புனித நகரம் என்று பெயர் எடுத்ததால் இவ்வளவு இரத்தம் சிந்திய ஊர்கள் உலகில் குறைவு.

வாசலுக்குள் போனதும் வலப்பக்கம் செங்குத்தான படிக்கட்டு. அது கொல்கொதாவுக்கு ஏறுகிறது. மேலே பீடத்தின் கீழே வெள்ளித் தகட்டில் கை நுழைகிற அளவு ஒரு துளை. மக்கள் முழந்தாளிட்டு, பீடத்துக்கு அடியில் குனிந்து, கையை உள்ளே விட்டுப் பாறையைத் தொடுகிறார்கள். படியிறங்கி வந்தால் ஒரு பெரிய மாடத்தின் கீழே சிறு வீடுபோலக் கட்டிய கல்லறை. உள்ளறையில் மூன்று நான்கு பேருக்குமேல் நிற்க முடியாது. தலையைக் குனிந்துதான் நுழையவேண்டும். உள்ளே இருப்பது ஒரு பளிங்குப் பலகை மட்டும். வெளியே வரிசை நீளம் என்பதால் காவலுக்கு நிற்கும் துறவி அவசரப்படுத்துவார். 2016இல் திருத்தவேலைக்காக அந்தப் பலகையைக் கழற்றினார்கள். அடியில் இன்னொரு பலகையும் அதற்குக் கீழே பழைய கல்தட்டும் இருந்தன. சாந்தை எடுத்துச் சோதித்ததில் அது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று தெரிந்தது, அதாவது கொன்ஸ்தந்தீன் கால வேலை.

இந்தப் பேராலயத்தைக் கிரேக்க ஓர்தடொக்ஸ், கத்தோலிக்கர், ஆர்மேனியர், கொப்திக், சிரியர், எத்தியோப்பியர் என்று ஆறு சபையார் பங்குபோட்டு வைத்திருக்கிறார்கள். எந்த விளக்கு யாருடையது, எந்தப் படியை யார் கூட்டுவது என்பதெல்லாம் 1852ஆம் ஆண்டின் துருக்கி சுல்தானுடைய கட்டளைப்படி உறைந்து நிற்கின்றன. வாசலுக்குமேல் ஜன்னலோரம் ஒரு சின்ன மர ஏணி சாத்தியிருக்கிறது. 18ஆம் நூற்றாண்டுப் படங்களிலேயே அது இருக்கிறது. எடுத்தால் சண்டை வரும் என்று எடுக்காமலே விட்டிருக்கிறார்கள். வாசல் திறப்போ (சாவியோ) தலைமுறை தலைமுறையாக முஸ்லிம் குடும்பங்களிடம் இருக்கிறது. கோயில் நிர்வாக வழக்குகளைக் கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்தாருக்கு இதில் அதிசயம் ஒன்றும் இராது.

பொதுவாக ஒரு மகானின் சமாதிக்கு மக்கள் போவது அவர் அங்கே அடங்கியிருக்கிறார் என்பதற்காக. இங்கே அடங்கியிருப்பவர் யாரும் இல்லை. “அவர் இங்கே இல்லை” என்று வானதூதர் பெண்களுக்குச் சொன்னதாக நற்செய்தி கூறுகிறது. அந்த வெறுமையைப் பார்க்கத்தான் உலகத்தின் மறுமுனையிலிருந்தும் ஆட்கள் வந்து வரிசையில் நிற்கிறார்கள். அவர் அங்கே இல்லையென்றால் எங்கேயும் இருக்கலாம். கரையூரிலும் இருக்கலாம், கரவெட்டியிலும் இருக்கலாம். எருசலேமுக்குப் போயே ஆகவேண்டும் என்ற சட்டம் இல்லாமற் போனதன் காரணம் இதுதான்.

இயேசுவும் இதைச் சொல்லியிருக்கிறார். சமாரியப் பெண் ஒருத்தி கிணற்றடியில் “எங்கள் மலையில் தொழுவதா, எருசலேமில் தொழுவதா?” என்ற கேள்வியை எழுப்பினாள். இரண்டிலுமே அல்லாமல் ஆவியிலும் உண்மையிலும் தொழும் காலம் வருகிறது என்றார் அவர். 4ஆம் நூற்றாண்டில் நீசாவின் புனித கிரகோரி எருசலேமை நேரில் பார்த்துவிட்டு வந்து, இடம் மாறுவதால் கடவுள் கிட்ட வருவதில்லை என்று கடிதம் எழுதினார். புனித ஜெரோம் சொன்னது இன்னும் சுவை. எருசலேமிலிருந்தும் பிரித்தானியாவிலிருந்தும் விண்ணகத்தின் வாசல் ஒரே தூரம்தான் என்றார் அவர். அதை எழுதும்போது அவர் வசித்தது எருசலேமுக்குப் பக்கத்திலுள்ள பெத்லகேமில்!

நம் ஊருக்கு வந்த எருசலேம்

அப்படியானால் ஏன் முக்கியம் என்கிறோம்? எருசலேமில் செய்ததையே எல்லா ஊர்க் கோயில்களிலும் செய்கிறோம் என்பதால்.

குருத்தோலை ஞாயிறை எடுத்துக்கொள்வோம். அன்று காலை யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் கோயில் எதற்குப் போனாலும், வெளியே ஓர் இடத்தில் குருத்தோலையை மந்திரித்து, கையில் பிடித்தபடி பாடிக்கொண்டு ஊர்வலமாகக் கோயிலுக்கு வருவார்கள். சிறுவர் பின்வரிசையில் நின்று ஓலையைக் கிழித்துச் சிலுவை பின்னுவார்கள். சிலர் கிளியும் பின்னுவார்கள், தாய்மார் ஏசுவார்கள். வேதத்தில் சொல்லப்படுவது பேரீச்சை. இங்கே கிடைப்பது தென்னங்குருத்து. வீட்டுக்குக் கொண்டுவந்த ஓலைச் சிலுவை திருக்குடும்பப் படத்துக்குப் பின்னால் செருகப்பட்டு வருடம் முழுக்கக் காய்ந்துகொண்டிருக்கும். அடுத்த தவக்காலத்துக்கு முன் அதைச் சேர்த்து எரித்த சாம்பல்தான் விபூதிப் புதனன்று நெற்றியில் பூசப்படுகிறது.

இந்த ஊர்வலம் எங்கிருந்து வந்தது? 380களில் மேற்கேயிருந்து எகேரியா என்ற பெண் எருசலேமுக்கு யாத்திரை போனார். தான் கண்டதையெல்லாம் ஊரிலுள்ள சகோதரிகளுக்கு எழுதினார். அவர் எழுதியதில் இது இருக்கிறது: மக்கள் ஒலிவ மலையில் கூடி நற்செய்தியைக் கேட்டு, பேரீச்சை ஒலிவக் கிளைகளோடு நகரத்துக்குள் இறங்கி வந்தார்கள், நடக்க முடியாத பிள்ளைகளைப் பெற்றோர் தோளில் தூக்கிவந்தார்கள். சம்பவம் நடந்த இடத்திலேயே, நடந்த நாளில், நடந்ததைத் திரும்ப நடந்து பார்த்தார்கள். யாத்திரிகர் மூலம் அந்த வழக்கம் ஊர் ஊராகப் பரவியது.

பெரிய வெள்ளியன்று நாம் வரிசையில் வந்து சிலுவையை முத்தி செய்வதும் (முத்தமிடுவதும்) அதே எருசலேம் வழக்கம்தான். எகேரியா அதையும் எழுதியிருக்கிறார். ஆயர் சிலுவை மரத்துண்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருப்பாராம். சுற்றிலும் தியாக்கோன்மார் (குருக்களுக்கு அடுத்த நிலைத் திருப்பணியாளர்) காவல் நிற்பார்களாம். முன்பு ஒருவன் முத்தி செய்வதுபோலக் குனிந்து மரத்தில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டானாம்.

சிலுவைப்பாதையின் கதை இன்னும் நேரானது. எருசலேமில் சிலுவை சுமந்த வழி என்று காட்டப்படும் தெரு ஏறத்தாழ 600 மீற்றர். மசாலாக் கடை, துணிக்கடைகளுக்கு நடுவால் வளைந்து போய்த் திருக்கல்லறைப் பேராலயத்தில் முடிகிறது. வெள்ளிதோறும் பிற்பகலில் பிரான்சிஸ்கன் துறவிகள் அதில் செபித்துக்கொண்டு போகிறார்கள். அந்த நாட்டுக்குப் போக முடியாதவர்களுக்காக, ஐரோப்பாவில் கோயில்களிலும் வெளிகளிலும் அந்த வழியை நிலையங்களாக அமைக்கத் தொடங்கினார்கள். 1731இல் திருத்தந்தை 12ஆம் கிளமென்ட் நிலையங்கள் பதினான்கு என்று வரையறுத்து, எல்லாக் கோயில்களிலும் வைக்க அனுமதித்தார். நம் கோயில் சுவர்களில் இரண்டு பக்கமும் தொங்கும் பதினான்கு படங்கள் அப்படி வந்தவை. முதலாம் நிலையிலிருந்து பதினான்காம் நிலைக்குக் குருவானவரும் இரண்டு மெழுகுதிரிப் பொடியன்மாரும் நகர நகர, சனம் நின்ற இடத்திலேயே திரும்பித் திரும்பி முழந்தாளிடும். வேர்வையும் புழுக்கமுமாக அரை மணி நேரம். கணக்குப் பார்த்தால் அது எருசலேம் யாத்திரைதான்.

இதைவிட ஒரு படி மேலே போவது பாஸ்கா நாடகம். திருப்பாடுகளின் கதையை மேடையில் நடித்துக் காட்டும் மரபு நம்முடைய கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் ஆழமாக வேரூன்றியது. மன்னார் பேசாலையில் சுரூபங்களை (சிலைகளை) வைத்தே காட்சி காட்டுவார்கள். யாழ்ப்பாணத்தில் 1965இல் மரிய சேவியர் அடிகளார் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் இதைப் பெரிய மேடைக்குக் கொண்டுபோனது. தவக்காலம் வந்தால் எருசலேமின் வாசலும் பிலாத்துவின் அரண்மனையும் தட்டியிலும் சீலையிலும் எழும்பும். சைவச் சனமும் பாய் கொண்டுவந்து இருந்து பார்க்கும். எருசலேமைப் பற்றி யாழ்ப்பாணத்துச் சைவர் பலர் அறிந்ததில் பாதி இந்த மேடைகள் தந்ததாகத்தான் இருக்கும்.

புரட்டஸ்தாந்துக்காரர் இதில் கொஞ்சம் விலகி நிற்பார்கள். 1816இல் வந்த அமெரிக்க மிஷன் வழிவந்த சேர்ச்சுகளில் சுரூபமும் பதினான்கு படங்களும் இரா. பெரிய வெள்ளி மதியம் தொடங்கி மூன்று மணிவரை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரசங்கம் செய்வார்கள். அவர்களில் எருசலேம் போகிறவர்கள் பலருக்குப் பேராலயத்தின் தூபப் புகையும் தள்ளுமுள்ளும் ஒத்துவராது. மதிலுக்கு வடக்கே தோட்டக் கல்லறை என்று அமைதியான இடம் ஒன்று இருக்கிறது. 1883இல் எருசலேம் வந்த பிரித்தானியத் தளபதி கோர்டன் அதுதான் உண்மையான இடமாக இருக்கும் என்று வாதாடிய பின் பெயர் பெற்றது. அது இயேசுவின் காலத்துக்குப் பல நூற்றாண்டு முந்திய கல்லறை என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் மரநிழலில் இருந்து வேதம் வாசிக்க அதுவே தோது. இதில் யார் சரி என்று சண்டைபிடிப்பது வீண்வேலை என்பது என் எண்ணம்.

அழுத நகரம், வரப்போகும் நகரம்

எருசலேமுக்கு இன்னொரு முகம் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்தாருக்கு விரிவுரை தேவையில்லை.

பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் ஆற்றங்கரையில் இருந்து ஊரை நினைத்து அழுத பாட்டு வேதத்திலுள்ள 137ஆம் சங்கீதம். எருசலேமே, உன்னை மறந்தால் என் வலக்கை செயலிழக்கட்டும் என்கிறது அது. 1995 ஒக்டோபர் 30ஆம் தேதி இரவு மழைக்குள், போருக்கு அஞ்சி, யாழ்ப்பாணத்து வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அந்தப் பாதையில் நடந்தவர்களுக்கும், பிறகு ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருந்து இந்தச் சங்கீதத்தை வாசிக்கிறவர்களுக்கும் எருசலேம் என்ற இடத்தில் வேறொரு ஊரின் பெயர் தானாக வந்து விழும். வேதம் அதைத் தடுப்பதில்லை. இழந்த ஊருக்காக அழுவதையும் செபம் என்றே அது கணக்கில் எடுக்கிறது.

இயேசுவும் அந்த நகரத்துக்காக அழுதவர். ஒலிவ மலைச் சரிவில், நகரம் முழுதாகக் கண்ணில் படும் இடத்தில், சமாதானத்துக்கு உரியதை நீ அறியாமற் போனாயே என்று அழுதார் என்கிறது லூக்கா நற்செய்தி. அங்கே 1955இல் கட்டிய சிற்றாலயம் கண்ணீர்த்துளி வடிவில் இருக்கிறது. பீடத்துக்கு முன்னால் பதித்த சித்திரத்தில் ஒரு கோழி சிறகை விரித்துக் குஞ்சுகளை அணைத்து நிற்கிறது. கோழி குஞ்சுகளைக் கூட்டுவதுபோல உன் பிள்ளைகளைக் கூட்ட நினைத்தேன், நீ சம்மதிக்கவில்லை என்று எருசலேமைப் பார்த்து அவர் சொன்னதன் நினைவு அது.

மேலே சொன்னதெல்லாம் பூமியிலுள்ள எருசலேம். வேதத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தலில் இன்னொரு எருசலேம் வானத்திலிருந்து இறங்கி வருகிறது. பன்னிரண்டு வாசல், அவை மூடப்படுவதே இல்லை. அங்கே கண்ணீர் இல்லை, சாவு இல்லை. அந்த நகரத்தில் ஆலயமும் இல்லை; கடவுளே ஆலயம் என்கிறது. கிறிஸ்தவர் உண்மையில் போய்ச் சேர ஆசைப்படுவது இந்த எருசலேமுக்கு. கத்தோலிக்கச் செத்தவீட்டில் கடைசிப் பூசை முடிந்து, பெட்டியைக் கோயிலிலிருந்து சேமக்காலைக்கு (கல்லறைத் தோட்டத்துக்கு) தூக்கும் நேரத்துக்கென்று பழைய செபம் ஒன்று இருக்கிறது. வானதூதர் உன்னை எதிர்கொண்டு புனித நகராகிய எருசலேமுக்கு அழைத்துப் போவார்களாக என்று அது கேட்கிறது. கடவுச்சீட்டே எடுக்காத கரையூர்ப் பாட்டியும் அந்த வகையில் எருசலேமுக்குப் புறப்படுகிறார்.

இவ்வளவு பேசிவிட்டு அங்கே இன்று வாழ்கிறவர்களை மறப்பது சரியில்லை. நகரத்தின் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் அரபு பேசும் பாலஸ்தீனர், கூடவே ஆர்மேனியர் முதலான சிறு சமூகங்கள். யூதர், முஸ்லிம், கிறிஸ்தவர் மூவருக்கும் புனிதமான, அரசியலில் இன்னும் தீராத நகரத்தில் அவர்கள் மிகச் சிறிய சிறுபான்மை. முதல் நூற்றாண்டிலேயே எருசலேம் சபை வறுமையில் கிடந்தபோது, பவுல் கிரேக்க நாட்டுச் சபைகளிடம் காசு சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தப் பயணத்தில்தான் அவர் எருசலேமில் கைதானார். அந்த வழக்கமும் விட்டுப்போகவில்லை. பெரிய வெள்ளியன்று கத்தோலிக்கக் கோயில்களில் எடுக்கும் காணிக்கை புனித நாட்டுக்கென்று உலகெங்கும் ஒதுக்கப்படுகிறது. 1974இல் திருத்தந்தை 6ஆம் பவுல் அதைப் புதிதாக வலியுறுத்தினார். அந்தத் தலங்களைப் பராமரிக்கவும், அங்குள்ள கிறிஸ்தவப் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களுக்கும், குடியிருக்க வீடில்லாதவர்களுக்கும் அது போகிறது. சிலுவை முத்தி செய்துவிட்டு இடத்துக்குத் திரும்பும்போது தட்டில் நாம் போடும் தாள் இதற்குத்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பங்கில் யாராவது ஒரு தரம் விளக்கிச் சொன்னால் நன்றாக இருக்கும்.